மூன்று நொடி

அட்டன். சனிக்கிழமை. பேக்கரிக்கு மேல்மாடி.
யன்னலுக்குக் கறுப்புச் சீலை,
சீலையில் ஒரு பொத்தல்.
அதன் வழியே பஸ் நிலையத்து வெளிச்சம்
திரையில் வந்து குந்திக்கொள்ளும்.
எந்த நாட்டு வானத்திலும்
எங்களுக்கு நட்சத்திரம் ஒன்று கூடுதல்.

பத்தரைக்குக் கீழே போறணை திறப்பார்கள்.
நான் பார்த்த போர்களெல்லாம்
அதனால் பாண் வாசம் அடிப்பவை.
குதிரைக்காரன் சுடப்பட்டு மணலில் விழுந்தபோது
எனக்குப் பசித்தது.
குறிப்புக் கொப்பியில் அதை எழுதவில்லை.

எழுதியது:
கிழவர் தேநீர் ஊற்றுகிறார், நான்கு நிமிடம், வெட்டே இல்லை.
(சாயம் பத்தாது.)
பேய்ப்படத்தில் கடைசிவரை பேய் வரவில்லை, கதவு மட்டும்.
கறுப்பு வெள்ளையில் ஒருத்தி ஓடுகிறாள்,
ஏனென்று புரியவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்.
பனி பெய்யும் ஊர்ப் படம்:
அவர்களுக்கும் குளிர்தான்,
ஆனால் கதவுகள் ஒழுங்காய் மூடுகின்றன.

பாதிப் படங்களுக்குக் கீழே
சிங்களத்தில்தான் எழுத்து ஓடும்.
பேசுவேன். வாசிப்பது ஆறுதலாகத்தான்.
எழுத்துக் கூட்டி முடிக்குமுன்
ஆள் செத்துப்போயிருப்பான்.

பக்கத்துக் கதிரையில் தினூஷா,
கினிகத்தேனையிலிருந்து வருகிறவள்.
போலந்துக்காரன் சொன்னது
சிங்களமாகி
அவள் வாயில் உடைந்த தமிழாகி
என் காதுக்கு வந்துசேர
மூன்று நொடி.
எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின்
தனியாக நான் சிரிப்பேன்.
ஒருதரம் சாவுவீட்டுக் காட்சியில் சிரித்துவிட்டேன்.
அது முந்திய காட்சிக்கான சிரிப்பு.
இருட்டில் திரும்பிய முகங்களுக்கு
எப்படிச் சொல்ல?

நவம்பரில் ஒரு பழைய சுருள் போட்டார்கள்.
சத்தம் இல்லாதது. ஒன்பது நிமிடம்.
யாரோ ஒரு துரை
ஓய்வு நேரத்தில் எடுத்தது.
எங்கள் மலைதான், மரங்கள் மட்டும் அதிகம்.
கூடை, கைகள், கைகள்,
ரோசாப் பாத்தி, கைகள்,
கைகளுக்கு மேலே ஒரு முகம்
கமராவைப் பார்த்துவிட்டு
பார்க்காததுபோல் திரும்பியது.

'நிப்பாட்டுங்க' என்றாள் யோகமலர்.
போன வருசம்வரை கொழுந்தெடுத்தவள்,
விரல் நுனிக் கறை இன்னும் போகவில்லை.
'தராசு வருதில்ல? முள்ளு அசையிறதுக்கு முந்தியே
வெட்டிட்டாங்க.'

திரும்ப ஓட்டினோம்.
பெண்கள் மடுவத்துக்கு வருகிறார்கள்,
கூடை இறக்குகிறார்கள்,
கொக்கியில் மாட்டுகிறார்கள்,
வெட்டு,
துரையின் நாய்.
ஏழு தரம் ஓட்டினோம்.
ஏழு தரமும் நாய்.

மூன்று நிமிடப் பயிற்சிப் படத்துக்கு
தராசை எடுக்கத்தான் போனேன்,
நோர்வூட்டுக்கு மேலே,
கடன் வாங்கிய கமராவோடு.
மூன்றரைக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது.
மடுவம் இல்லை, மலை இல்லை,
என் முழங்கையே எனக்கு இல்லை.
நாளைக்கு வரலாமென்றால்
கமராவுக்கு வாடகை யார் கட்டுவது?
எடுத்தேன்.

அதையே போட்டுக் காட்டினேன்.
திரை முழுக்க வெள்ளை.
வெள்ளைக்குள் கொக்கி கிரீச்சிடும் சத்தம்,
ஓர் ஆண் குரல்:
'ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிரு.'
ஒரு பெண் குரல்:
'மூணு நாளா மழையே இல்லியே தொரை.'

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்,
யோகமலர் பலமாக.
தினூஷா என் கையைச் சுரண்டினாள்,
என்னவாம், என்னவாம்.
என் உடைந்த சிங்களத்தில்
ஈரம் என்றேன், கிலோ என்றேன்,
மழை என்றேன், இல்லை என்றேன்.

ஒன்று.
இரண்டு.
மூன்று.

அவள் சிரிக்கவில்லை.
கீழே தட்டுகள் மோதும் சத்தம்.
அந்தப் பொத்தல் வெளிச்சம் மட்டும்
பனிக்குள் அசையாமல் நின்றது.
அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
கேட்டாள்:

'சரி, முள்ளு எங்கே?'